நூறு கிலோமீட்டரும் கடைசி நூறு அடியும்

தாராவியில் பல சந்துகளில் விடியும் முன்பே குடம் உருளும் சத்தம் கேட்கும். அது தண்ணீர் வரும் நேரம். சில சந்துகளில் காலையில் வரும். சில சந்துகளில் சாயங்காலம் வரும். இரண்டு மணி நேரம் விடாமல் வந்தால் நல்ல நாள். அதற்குள் பிடித்து வைக்க வேண்டும். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதில்தான்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஏரியில் நன்றாக இருந்த தண்ணீர், சந்துக்குள் வரும்போது சில நாள் ஏன் நாறுகிறது? மாட்டுங்காவில் குழாயைத் திறந்தால் எந்த நேரமும் வருகிறதே, அது எப்படி? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

குளங்கள் இருந்த ஊர்

மும்பைக்கு அந்தக் காலத்தில் பம்பாய் என்று பெயர். அது ஒரு தீவு. சுற்றிலும் தண்ணீர். ஆனால் அது உப்புத் தண்ணீர். மக்கள் கிணறுகளையும் குளங்களையும் நம்பி வாழ்ந்தார்கள். தோபி தலாவ், கோவாலியா டேங்க், சி.பி. டேங்க் என்ற இடங்களின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். தலாவ் என்றாலும் டேங்க் என்றாலும் குளம்தான். இன்று அங்கே குளம் இல்லை. பெயர் மட்டும் மிச்சம். நம் ஊர்ப் பக்கம் ஏரியே இல்லாத இடத்தில் ஏரிக்கரைத் தெரு இருக்கிறதே, அதைப் போல.

1850-களில் மழை பொய்த்தது. கிணறுகள் வற்றின. நகரமே தவித்தது. கிணறும் குளமும் இனிப் போதாது என்று அரசுக்குப் புரிந்தது. 1856-இல் விஹார் ஏரி வேலை தொடங்கியது. 1860-இல் முடிந்தது. அங்கிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் நகருக்கு வந்தது.

விஹார் ஏரி எந்த ஆற்றைத் தடுத்துக் கட்டியது தெரியுமா? மித்தி ஆற்றை. இன்று தாராவியின் ஓரத்தில் கறுப்பாக ஓடுகிறதே, அதே மித்திதான். மித்தி என்றால் இனிப்பானது என்று பொருள் சொல்வார்கள். மேலே ஏரியில் அது குடிதண்ணீர். கீழே வரும்போது சாக்கடை. நடுவில் எந்தப் பேயும் வந்து அதைக் கெடுக்கவில்லை. ஆலைக் கழிவையும் வீட்டுக் கழிவையும் மனிதர்கள்தான் அதில் விட்டார்கள்.

நகரம் வளர வளர ஏரிகளும் கூடின. 1879-இல் துளசி ஏரி. 1892-இல் தான்சா ஏரி. 1957-இல் வைதர்ணா ஆற்றில் மோதக் சாகர் அணை. மோதக் என்பது ஒரு பொறியாளரின் பெயர். 1973-இல் மேல் வைதர்ணா. 1980-களில் இருந்து பாட்சா. 2014-இல் மத்திய வைதர்ணா. மொத்தம் ஏழு ஏரிகள். இன்று மும்பை குடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி பாட்சாவிலிருந்து வருகிறது.

விஹாரும் துளசியும் மட்டும் நகருக்குள் இருக்கின்றன. மற்றவை வெகு தொலைவில், தானே, பால்கர், நாசிக் மாவட்டங்களில் இருக்கின்றன. தொலைவில் உள்ளவை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. தான்சா, வைதர்ணாத் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே வந்துவிடும். பாட்சாத் தண்ணீரைப் பம்பு வைத்து ஏற்ற வேண்டும். அதற்குக் கரண்டுச் செலவு உண்டு.

ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தான்சா, பாட்சா அணைகள் இருக்கும் இடம் ஷாஹாபூர் வட்டம். அங்கே பல ஆதிவாசிக் கிராமங்களில் கோடை வந்தால் குடிக்கத் தண்ணீர் இல்லை. லாரியில் கொண்டு வந்து ஊற்றுகிறார்கள். அணைத் தண்ணீர் அவர்கள் கண்ணெதிரே மும்பைக்குப் போகிறது. மும்பையில் ஒரு சொட்டு வீணானால் அது யாருடைய சொட்டு என்று யோசிக்க வேண்டும்.

தண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி?

ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்க முடியாது. மண் இருக்கும். கிருமி இருக்கும். பெரும்பகுதித் தண்ணீர் முதலில் பாண்டுப் என்ற இடத்துக்கு வருகிறது. அங்குள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையம் 1979-இல் தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பெரியவற்றில் அது ஒன்று. பாஞ்ராபூரிலும் ஒரு நிலையம் இருக்கிறது.

அங்கே நடப்பது நம் பாட்டிமார் செய்த வேலைதான். கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேத்தாங்கொட்டையை உரைத்து விடுவார்கள். அழுக்கு திரண்டு அடியில் தங்கும். மேலே தெளிவு நிற்கும். நிலையத்தில் தேத்தாங்கொட்டைக்குப் பதில் படிகாரம் போன்ற மருந்தைப் போடுகிறார்கள். அழுக்கு திரண்டு கீழே படிகிறது. பிறகு மணல் வழியாகத் தண்ணீரை வடிகட்டுகிறார்கள். கடைசியில் குளோரின் கலக்கிறார்கள். குளோரின் கிருமியைக் கொல்லும் மருந்து. காலையில் முதல் குடத்தில் லேசாக மருந்து வாடை அடிக்கிறதா? பயப்பட வேண்டாம். அது நல்ல அடையாளம். மருந்து குழாய்க்குள் இன்னும் வேலை செய்கிறது என்று பொருள்.

அங்கிருந்து தண்ணீர் நகரில் உயரமான இடங்களில் உள்ள பெரிய தொட்டிகளுக்குப் போகிறது. மலபார் குன்றிலும் பண்டார்வாடாவிலும் உள்ளவை பழைய தொட்டிகள். செம்பூர்ப் பக்கத்துக்கு டிராம்பே குன்றில் தொட்டிகள் இருக்கின்றன. தொட்டியிலிருந்து தெருக் குழாய். தெருக் குழாயிலிருந்து சந்துக் குழாய்.

எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. ஆகவே முறை வைத்து விடுகிறார்கள். ஒரு ஆள் நீளமான இரும்புச் சாவியோடு வருவார். சாலையில் உள்ள மூடியைத் திறப்பார். வால்வைத் திருகுவார். அந்தப் பகுதிக்குத் தண்ணீர் போகும். நேரம் முடிந்ததும் மூடுவார். அடுத்த பகுதிக்குப் போவார். மும்பையில் இவரை சாவிவாலா என்பார்கள். வேலை சின்னதுபோலத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதை அந்தச் சாவிதான் முடிவு செய்கிறது.

மாட்டுங்காவும் தாராவியும்

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே ரயில் பாதைதான் இருக்கிறது. இரண்டிலும் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். இரண்டுக்கும் வருவது அதே ஏரிகளின் தண்ணீர். பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்?

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் வந்தது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். நெருக்கடியான வீடுகளும் அழுக்கும்தான் காரணம் என்று அரசு கருதியது. 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை ஏற்படுத்தியது. அந்த டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டம் போட்டு அமைத்தது. முதலில் சாலை, சாக்கடை, குழாய். அதன் பிறகு வீடு.

தாராவியின் கதை வேறு. அங்கே முதலில் மீன் பிடிக்கும் கோலி மக்கள் இருந்தார்கள். பிறகு குஜராத்திலிருந்து குயவர்கள் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு நம்மவர்கள் வந்தார்கள். சதுப்பு நிலத்தைத் தாங்களே மண் கொட்டி மேடாக்கினார்கள். வீடு கட்டினார்கள். தொழில் செய்தார்கள். குழாய் பல ஆண்டு கழித்துத்தான் வந்தது. மாட்டுங்காவில் முதலில் குழாய், பிறகு வீடு. தாராவியில் முதலில் வீடு, பிறகு குழாய். வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு வித்தியாசம் தொட்டி. மாட்டுங்காவிலும் மாநகராட்சித் தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. சில மணி நேரம்தான் வருகிறது. ஆனால் அங்குள்ள பில்டிங்கில் தரைக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கும். மாடியில் ஒரு தொட்டி இருக்கும். வரும் தண்ணீர் தானாகக் கீழ்த் தொட்டியில் நிரம்பும். மோட்டார் அதை மேலே ஏற்றும். ஆகவே குழாயைத் திறந்தால் எப்போதும் தண்ணீர். யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. தாராவியில் அந்தத் தொட்டியின் வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். குடத்தாலும் டிரம்மாலும் தூக்கத்தை விட்டும் செய்கிறார்கள்.

அளவிலும் வித்தியாசம் உண்டு. குடிசைப் பகுதியில் ஆளுக்கு 45 லிட்டர், பில்டிங்கில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது மாநகராட்சி நெடுங்காலம் வைத்திருந்த கணக்கு. பில்டிங்கில் கக்கூஸ் வீட்டுக்குள் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். குடிசையில் இருப்பவருக்கும் வயிறும் வியர்வையும் உண்டு என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மும்பைக்கு நாள்தோறும் சுமார் 385 கோடி லிட்டர் தண்ணீர் விடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மும்பையின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம். 385-ஐ 1.24-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஏறக்குறைய 310 லிட்டர் வருகிறது! இப்போது மக்கள் இன்னும் கூடியிருப்பார்கள். ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொஞ்சம் போகும். அதையெல்லாம் கழித்தாலும் 45 லிட்டரைவிடப் பல மடங்கு மிஞ்ச வேண்டும். ஏரியில் தண்ணீர் இல்லை என்பது மட்டும் காரணம் அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கணக்கில் வராமல் போகிறது என்று மதிப்பிடுகிறார்கள். கொஞ்சம் திருட்டு. கொஞ்சம் கெட்டுப்போன மீட்டர். நிறைய ஒழுகல். பல குழாய்கள் மிகப் பழையவை. மண்ணுக்குள் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டன. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது லேசல்ல. ஊழியர்கள் சத்தம் அடங்கிய ராத்திரி நேரத்தில் போவார்கள். ஒரு இரும்புக் கம்பியைக் குழாயின் மேல் ஊன்றுவார்கள். மறு முனையில் காதை வைத்துக் கேட்பார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது போலத்தான். ஒழுகல் இருந்தால் இரைச்சல் கேட்கும்.

பூமிக்கு அடியில் ஒரு வழி

பழைய பெரிய குழாய்கள் தரைக்கு மேலே போகின்றன. தாராவி வழியாகவே மேல் வைதர்ணாத் தண்ணீர்க் குழாய் போகிறது. அதன் விட்டம் 2,400 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 8 அடி. அவ்வளவு பெரிய குழாய் வாசலில் போகிறது. ஆனால் அதிலிருந்து நேராக வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க முடியாது. அது நகரத்தின் தெற்குப் பக்கத்துக்குப் போகும் தண்ணீர்.

தரைமேல் உள்ள குழாயைத் துளை போட்டுத் திருட முடியும். வெடித்தால் வீடுகளுக்குள் தண்ணீர் புகும். மாற்றவும் இடம் இல்லை. ஆகவே மாநகராட்சி பாறைக்குள் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. மரோஷியிலிருந்து மாட்டுங்கா ரோடு பக்கத்தில் உள்ள ரூபரேல் கல்லூரி வரை ஒரு சுரங்கம் போட்டார்கள். அண்மையில் செம்பூரிலிருந்து இரண்டு சுரங்கங்களைத் தோண்டினார்கள். இரண்டும் அமர் மஹால் பக்கத்தில், ஹெட்கேவார் பூங்காவில் தொடங்குகின்றன. ஒன்று டிராம்பே குன்றின் தொட்டிக்குப் போகிறது. நீளம் சுமார் 5.5 கிலோமீட்டர். இது செம்பூர், கோவண்டி, மான்குர்த் மக்களுக்காக. இன்னொன்று வடாலா வழியாகப் பரேல் வரை போகிறது. நீளம் சுமார் 9.7 கிலோமீட்டர். இது மாட்டுங்கா, வடாலா, பரேல் பக்கத்துக்காக. பூமிக்கு அடியில் ஏறக்குறைய 100 மீட்டர் ஆழம். முப்பது மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் புதைத்தால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு. ராட்சத எந்திரம் ஒன்று பாறையைக் குடைந்துகொண்டே போனது. மேலே ரயில் ஓடியது. கடை நடந்தது. கீழே நடந்தது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இப்படிப்பட்ட வேலையில் ஊர் பெருமைப்படலாம். ஆனால் குழாய்க்காக வீட்டை இழந்தவர்களும் உண்டு. தான்சாக் குழாயின் இரு பக்கமும் இடம் காலியாக இருக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு வந்தது. குழாய் ஓரத்தில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அகற்றினார்கள். பலரைச் செம்பூரை அடுத்த மாஹுலுக்கு அனுப்பினார்கள். அங்கே எண்ணெய் ஆலைகள். காற்றில் விஷம். பலர் நோயில் விழுந்தார்கள். அவர்கள் போராடினார்கள். யாரையும் அங்கே கட்டாயமாகக் குடி வைக்கக் கூடாது, வேறு வீடு கொடுக்க வேண்டும் அல்லது வாடகைப் பணம் கொடுக்க வேண்டும் என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது.

கடைசி நூறு அடி

சுரங்கம் வந்தாயிற்று. பெரிய தொட்டியும் இருக்கிறது. சுத்தம் செய்த தண்ணீர் நூறு கிலோமீட்டர் வந்துவிட்டது. இனி மிச்சம் இருப்பது சந்துக்குள் நூறு அடி. கெடுதல் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

குழாயில் தண்ணீர் வரும்போது அது வேகத்தோடு வருகிறது. குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே பீறிடும். வெளி அழுக்கு உள்ளே வர முடியாது. ஆனால் சாவிவாலா வால்வை மூடியதும் என்ன ஆகிறது? குழாய் காலியாகிறது. காலியான குழாய் உறிஞ்சும். இப்போது அதே ஓட்டை வழியாக வெளியில் உள்ளது உள்ளே போகும்.

வெளியில் என்ன இருக்கிறது? சந்தில் குனிந்து பாருங்கள். பல இடங்களில் தண்ணீர்க் குழாய்கள் கட்டுக் கட்டாகச் சாக்கடைக்குள்ளேயே போகின்றன. வீட்டுக்கு ஒரு சின்னக் குழாய். பத்து வீட்டுக்குப் பத்துக் குழாய். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். சாக்கடையில் கிடந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஊசி முனை அளவு ஓட்டை போதும். வால்வு மூடியிருக்கும் 22 மணி நேரமும் சாக்கடை உள்ளே கசியும். மறுநாள் தண்ணீர் திறந்ததும் அந்த அழுக்குதான் முதலில் வரும். மழைக் காலத்தில் சந்தே முழங்கால் அளவு மூழ்கும். அப்போது நிலைமை இன்னும் மோசம்.

மோட்டார் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒரு வீட்டில் மோட்டாரை நேராகத் தெருக் குழாயில் மாட்டுகிறார்கள். இளநீரில் குழல் போட்டு உறிஞ்சுவது போல அது தண்ணீரை உறிஞ்சும். பக்கத்து வீட்டுக்கு வர வேண்டிய தண்ணீர் இங்கே வரும். அத்தோடு ஓட்டை வழியாகச் சாக்கடையும் வரும். அந்தச் சாக்கடை முதலில் போவது மோட்டார் போட்ட வீட்டுக்குத்தான். ஒருவர் மோட்டார் போட்டால் அடுத்தவரும் போடுவார். இல்லாவிட்டால் அவருக்குச் சொட்டுக்கூட வராது. பாவம், அவரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. சந்தே சேர்ந்து பேசி நிறுத்தினால்தான் நிற்கும்.

ஏரியில் மழைத் தண்ணீர் குறையும்போது மாநகராட்சி வெட்டு அறிவிக்கும். 2024 ஜூன் மாதம் 10 சதவீதம் வெட்டு வந்தது. 10 சதவீதம் என்றால் எல்லோருக்கும் பத்துக் குடத்தில் ஒரு குடம் குறையும் என்று நினைப்போம். அப்படி நடப்பதில்லை. வேகம் குறைந்தால் குழாயின் முதலில் இருப்பவருக்குக் கொஞ்சம் குறையும். கடைக்கோடியில் இருப்பவருக்கும் மேட்டில் இருப்பவருக்கும் தண்ணீரே வராமல் போகும். வயலுக்கு வாய்க்கால் பாய்ச்சியவர்களுக்கு இது தெரியும். கடைமடை எப்போதும் காய்ந்துதான் கிடக்கும்.

கெட்ட தண்ணீரால் வாந்திபேதி, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை வரும். முதலில் படுப்பது குழந்தைதான். இது தண்ணீரால் வருகிறது என்று உலகம் ஒத்துக்கொள்ளவே நாளாயிற்று. 1854-இல் லண்டனில் காலரா வந்தது. கெட்ட காற்றுதான் காரணம் என்று அன்று பலர் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். செத்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கைப்பம்பில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று கண்டுபிடித்தார். அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். படித்த ஊரிலேயே வீடு வீடாகக் கேட்டுத்தான் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். நம் சந்திலும் அதைச் செய்யலாம். எந்த வீட்டில் யாருக்குப் பேதி, அவர்கள் எந்தக் குழாயில் பிடித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

இதற்கு நல்ல வழி குழாயைக் காலியாக விடாமல் இருப்பதுதான். கர்நாடகத்தில் ஹூப்ளி, தார்வாட் நகரங்களில் சில வார்டுகளில் 2008 முதல் 24 மணி நேரமும் தண்ணீர் விட்டார்கள். ஆய்வு செய்தவர்கள் இரண்டு வகைக் குழாயிலும் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தார்கள். விட்டு விட்டு வரும் குழாயில் மலக் கிருமி அதிகம் இருந்தது. நிற்காமல் வரும் குழாயில் மிகக் குறைவு. ஒடிசாவின் பூரி நகரில் 2021 முதல் குழாய்த் தண்ணீரை நேராகக் குடிக்கலாம் என்ற திட்டம் நடக்கிறது. மும்பையிலும் 24 மணி நேரத் தண்ணீருக்கு முலுண்டிலும் பாந்த்ராவிலும் முயற்சி தொடங்கினார்கள். அது நகரம் முழுவதும் பரவவில்லை.

தாராவி முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்திருக்கிறது. எப்படியும் இடிக்கப் போகிறார்கள், இப்போது குழாய் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இப்படித்தான் இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் ஒரு தலைமுறை அந்தக் குழாயிலேயே குடித்து வளர்ந்துவிட்டது.

வீட்டில் செய்யக் கூடியவை

தண்ணீர் வந்ததும் முதல் வாளியைக் குடிக்க வைக்க வேண்டாம். அதைத் தரை கழுவவும் கக்கூசுக்கும் வைத்துக் கொள்ளுங்கள். ரப்பர்க் குழாயின் முனையைத் தரையில் போட வேண்டாம். சாக்கடை ஓரத்தில் கிடந்தால் அதன் வழியாகவும் அழுக்கு உறிஞ்சப்படும். ஆணியில் மாட்டி வையுங்கள்.

குடிதண்ணீர்ப் பானையை மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளக் கூடாது. நீளப் பிடி வைத்த கரண்டியால் மொள்ள வேண்டும். நல்ல தண்ணீரைப் பிடித்து, அழுக்குக் கையால் கெடுப்பதும் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் கொதிக்க வையுங்கள். நன்றாகக் குமிழ் விட்டுக் கொதிக்க வேண்டும். கேஸ் செலவு ஆகும்தான். குளோரின் மாத்திரை சுகாதார நிலையத்தில் கேட்டால் கிடைக்கும். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்று அட்டையில் எழுதியிருக்கும். அதை நீங்களே படித்துப் போடுங்கள். போட்டபின் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும்.

குழந்தைக்குப் பேதியானால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி கொடுங்கள். கரண்டி தலை தட்டியதாக இருக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தாராவிக்குப் பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது.

கேட்பதற்கு உரிமை உண்டா?

மும்பையில் எத்தனையோ குடிசைகளுக்குப் பல ஆண்டு காலம் குழாயே கொடுக்கவில்லை. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் வந்தவர் என்று காட்டினால்தான் இணைப்பு. மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 20 லிட்டர்க் கேனை 10 ரூபாய்க்கு வாங்கினால், 1000 லிட்டருக்கு 500 ரூபாய் ஆகிறது. மாநகராட்சிக் குழாயில் வீட்டு உபயோகத்துக்கு 1000 லிட்டருக்குச் சில ரூபாய்தான். குழாய் இல்லாத ஏழை, குழாய் உள்ளவரைவிடப் பல மடங்கு விலை கொடுத்துத் தண்ணீர் குடிக்கிறார்.

பானி ஹக் சமிதி என்ற அமைப்பு வழக்குப் போட்டது. பானி ஹக் என்றால் தண்ணீர் உரிமை. 2014 டிசம்பர் 15 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது. ஆகவே குடிசை சட்டப்படி கட்டியது அல்ல என்று சொல்லித் தண்ணீரை மறுக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பு. சட்டப்படி வீடு உள்ளவர்களுக்குக் கொடுப்பது போலவே கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்றும் சொன்னது. பாதி வெற்றிதான் என்றாலும் பெரிய பாதி. 2022 மே மாதம் எல்லோருக்கும் தண்ணீர் என்ற கொள்கையை மாநகராட்சி தொடங்கியது.

குடிசைப் பகுதியில் பொதுவாகப் பல வீடுகள் சேர்ந்துதான் இணைப்பு வாங்குகிறார்கள். ஒருவர் செகரட்டரி. அவர் பேரில் பில் வரும். அவர் வீட்டுக்கு வீடு பணம் வசூலித்துக் கட்டுவார். பில்லை வாங்கி நீங்களும் படியுங்கள். மீட்டரில் போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டையும் கழித்தால் செலவான அளவு. ஒரு யூனிட் என்பது 1000 லிட்டர். எல்லா வீட்டுக் குழாயையும் மூடிய பிறகும் மீட்டர் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. அந்த ஒழுகலுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள்.

தண்ணீர் நாறினால் 1916 என்ற மாநகராட்சி எண்ணுக்குப் போன் செய்யலாம். புகார் எண் கொடுப்பார்கள். எழுதி வையுங்கள். அதோடு வார்டு ஆபீசில் மனுவும் கொடுக்க வேண்டும். தாராவிக்கு ஜி வடக்கு வார்டு. மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு. செம்பூருக்கு எம் மேற்கு. மனு இப்படி இருக்கலாம்:

பெறுநர்
உதவிப் பொறியாளர், தண்ணீர்ப் பிரிவு,
ஜி வடக்கு வார்டு அலுவலகம், மும்பை.

ஐயா,
நாங்கள் தாராவி ……… சந்தில் வசிக்கிறோம். எங்கள் சந்தில் ……… வீடுகள் உள்ளன. ……… தேதியிலிருந்து தண்ணீர் கறுப்பாகவும் நாற்றத்தோடும் வருகிறது. ……… குழந்தைகளுக்குப் பேதி கண்டிருக்கிறது. எங்கள் குழாய்கள் சாக்கடைக்குள் போகின்றன. தண்ணீரை எடுத்துச் சோதித்து, முடிவை எங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். ஓட்டையை அடைக்க வேண்டும். குழாய்களைச் சாக்கடைக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். அதுவரை லாரியில் குடிதண்ணீர் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சந்து மக்கள்

ஆபீசில் மராத்தியில் எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். பள்ளிக்கூடத்தில் மராத்தி படிக்கும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வேண்டாம்.

மனு இரண்டு பிரதி இருக்க வேண்டும். ஒன்றைக் கொடுங்கள். இன்னொன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். பதிலே வரவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, எங்கள் மனு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். முத்திரை வாங்கிய தேதியிலிருந்து அல்ல, தகவல் கேட்ட மனு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து 30 நாளை எண்ணுங்கள்.